கடைசியாக வருபவருக்குப் பரிசு

என் தம்பிக்கு ஒரு ஜோடி ஷூ ஐந்து மாதம் தாங்கினால் அதிகம். குதிகாலின் வெளிப்பக்கம்தான் முதலில் தேயும். ஆஸ்பத்திரியில் நோயாளிகளைச் சக்கர நாற்காலியிலும் தள்ளுவண்டியிலும் வைத்து, வார்டிலிருந்து எக்ஸ்ரே அறைக்கும் அங்கிருந்து ஆபரேஷன் தியேட்டருக்கும் திரும்ப வார்டுக்கும் கொண்டுபோய் விடுவது அவன் வேலை. பதினாறு வருடமாக அதைத்தான் செய்கிறான். எங்கள் தெருவில் அவனுக்குச் 'சக்கரம்' என்றுதான் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி யாராவது கேட்டால், பக்கத்து வீட்டுக்காரரே கொஞ்சம் யோசிப்பார்.

அவன் வேலையை நானும் பெரிதாக நினைத்ததில்லை. ஒருமுறை எனக்குப் பித்தப்பைக் கல் எடுத்தபோது அவனே என்னைத் தள்ளிக்கொண்டு போனான். அன்றைக்குத்தான் கவனித்தேன். லிஃப்ட் வாசலில் ஒரு விரல் அகலத்துக்கு இடைவெளி இருக்கிறது. அங்கே வந்ததும் நாற்காலியைத் திருப்பி, பெரிய சக்கரம் முதலில் ஏறும்படி பின்பக்கமாக இழுத்தான். எனக்கு ஓர் அசைவும் தெரியவில்லை. நீண்ட வராண்டாவில் மூன்று இடத்தில் தரை மேடாக இருக்கும். "அக்கா, இப்போ ஒரு சின்னக் குலுக்கல் வரும்" என்று சொல்லிவிட்டுத்தான் ஒவ்வொன்றையும் தாண்டினான். மயக்கம் தெளியாதவர்களுக்கும் அப்படிச் சொல்வானாம். "அவங்களுக்கு எங்கேடா கேக்கப்போகுது?" என்றேன். "கேக்கலேன்னா போகட்டும். கேட்டுச்சுன்னா?" என்றான்.

நான் எட்டாவது வரைதான் படித்தேன். தையல் என் பிழைப்பு. அரை அங்குலம் தப்பினால் சட்டை மாட்டாது என்பதால், எதையும் அளந்து பார்க்காமல் சொல்வதில்லை. கீழே வரும் தூரமும் நேரமும் நானே பார்த்துக் குறித்தவை.

எங்கள் தெருவின் ஒரு முனையில் டிரைவர் வீடு, மறுமுனையில் பேக்கரி. டிரைவர் என்றால் முப்பத்திரண்டு வருடம் ஒன்பதாம் நம்பர் பஸ் ஓட்டியவர். அந்த பஸ் எங்கள் தெரு வழியாகத்தான் போகும். காலை ஏழு பத்துக்கு அது பேக்கரியைத் தாண்டும்போது, நின்றுபோன கடிகாரத்தில் அதைப் பார்த்து நேரம் வைத்து ஓடவிடுவார்கள். ஓய்வு பெற்று ஐந்து வருடம் கழித்துக் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தது. ஆபரேஷன் நன்றாக முடிந்தது. எலும்பு கூடிவிட்டது, இனி நடந்தால்தான் கால் கால்மாதிரி இருக்கும் என்று டாக்டர் சொல்லி, கையில் பிடித்து நடக்கிற வாக்கர் ஒன்றையும் கொடுத்து அனுப்பினார்.

டிரைவர் அதைப் பிடித்துக் கட்டிலிலிருந்து குளியலறைக்குப் போவார், திரும்புவார். வாசலுக்கு வரமாட்டார். இரண்டு மாதம் இப்படியே போயிற்று.

ஒரு நாள் டிரைவர் வீட்டு அக்கா தலையணை உறை ஒன்றைத் தைக்கக் கொண்டுவந்தார். கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"மகன் போன் பண்ணினான். இந்த மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை வண்டியோட வர்றானாம். அதுக்குள்ள அப்பா வெளிய நடந்தா சரி, இல்லேன்னா வீட்டைக் காலி பண்ணிட்டு ரெண்டு பேரும் அவன்கூடப் போயிடணுமாம்."

"நல்ல பையன்தானேக்கா, அக்கறையாத்தானே கூப்பிடுறான்?"

"நல்லவன்தான். வீடுதான் பதினொண்ணாவது மாடி. ஜன்னல்ல எட்டிப் பார்த்தா பறவையோட முதுகு தெரியுது. இவரை அங்க கொண்டுபோய் உக்கார வச்சா, அப்புறம் எழுந்திருக்கவே மாட்டார்." கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உறைக்கு அவசரமில்ல. நாங்க எங்க போறோமோ அங்க குடுத்தா போதும்" என்றார்.

தம்பி உள்ளே ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான். அவர் போனதும் பிரஷ்ஷோடு வந்து நின்றான்.

"ஏன் வெளிய வரமாட்டேங்கிறார்னு தெரியுமாக்கா?"

"வலியாயிருக்கும்."

"வலியில்ல. வெட்கம். ஆஸ்பத்திரி வராண்டாவுல இதே மனுஷன் வாக்கரைப் பிடிச்சு நாலு நாள் ஜம்முனு நடந்தார். நான்தான் கூடப் போனேன். அங்க எல்லாருமே மெதுவாத்தான் போவாங்க, யாரும் யாரையும் பார்க்கமாட்டாங்க. நம்ம தெருவுல இவர் ஒருத்தர் மட்டும் ஆமை. பஸ் ஓட்டின தெருவுல."

அரைப் பாலிஷோடு ஷூவைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான். மறுநாள் என் அளவு நாடாவைக் கேட்டான். டிரைவர் வீட்டு கேட்டிலிருந்து பேக்கரிப் படிவரை நானும் அவனும் அளந்தோம். ஒன்றரை மீட்டர் நாடாவை நூற்று இருபத்தாறு தடவை போட்டும் ஒரு மீட்டர் மிச்சம். ஆக நூற்றுத் தொண்ணூறு மீட்டர்.

"தெருவையே மெதுவாக்கிடுவோம்" என்றான்.

அவன் திட்டம் இதுதான். மகன் வருவதற்கு ஒரு வாரம் முன்பு, ஞாயிற்றுக்கிழமை காலையில் தெரு முழுக்க ஒரு நடைப் பந்தயம். முதலில் வருபவருக்கு ஒன்றுமில்லை. கடைசியாக வருபவருக்குப் பரிசு. பேக்கரிக்காரர் ஒரு பெரிய கேக் தருவதாக ஒப்புக்கொண்டார், நானும் ஓடுவேன் என்ற நிபந்தனையோடு. "ஓடக்கூடாதுங்க, நடக்கணும்" என்று தம்பி சொன்னான். "என் உடம்புக்கு நடந்தாலே ஓட்டம்தான்" என்றார் அவர்.

வேலை முடிந்து வந்ததும் தம்பி வீடு வீடாகப் போனான். பந்தயத்துக்கு வாருங்கள் என்று கூப்பிட்டதோடு, அன்று காலை உங்கள் வாசலில் ஒரு நாற்காலி போடுங்கள் என்றும் கேட்டான். எதற்கு என்று யாருக்கும் சொல்லவில்லை. டிரைவருக்காக என்று தெரிந்தால் எல்லோரும் அவரையே பார்ப்பார்கள், பார்த்தால் அவர் உள்ளே போய்விடுவார் என்பது அவன் கணக்கு. எனக்கு மட்டும்தான் தெரியும். மூன்றாவது நாற்காலி சரியாக ஐம்பது மீட்டரில் இருந்தது. முதல் நாள் டிரைவர் அதுவரை வந்தால் போதும் என்றான்.

நடுவராகக் கணக்கு டீச்சரைப் பிடித்தான். அவர் விதிகளைப் படித்துப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"சக்கரம், நின்னா அவுட்னு போட்டிருக்கே. சரி. நாற்காலில உக்காரலாம்னும் போட்டிருக்கே. அப்போ முதல் நாற்காலில உக்காந்து நான் சாயங்காலம்வரை பேப்பர் படிச்சா, கேக் எனக்குத்தானே?"

தம்பி தலையைச் சொறிந்தான்.

"எட்டாங்கிளாஸ்ல உன்னை நான் பாஸ் போட்டிருக்கக்கூடாது" என்று சொல்லி, 'ஒரு நாற்காலிக்கு இரண்டு நிமிடம்' என்று அவரே எழுதிச் சேர்த்தார்.

டிரைவரைத் தம்பி பந்தயத்துக்குக் கூப்பிடவேயில்லை. "ஐயா, சரியா ஏழு மணிக்குத் தொடங்கணும். நேரம் பார்த்து விசில் அடிக்க இந்தத் தெருவுல உங்களை விட்டா யாரு?" என்று மட்டும் கேட்டான். அவர் முதலில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாராம். பிறகு, "ஏழுன்னா ஏழு. ஏழு ஒண்ணுன்னா நான் உள்ள போயிடுவேன்" என்றாராம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாற்பத்து மூன்று பேர் கூடினார்கள். டிரைவர் தேய்த்த சட்டை போட்டு, வாக்கரைப் பிடித்தபடி தன் வீட்டு கேட்டுக்குள் நின்றார். தெருவுக்கும் அவருக்கும் நடுவே அந்த இரும்பு கேட். வாசல்களில் விதவிதமான நாற்காலிகள். மர நாற்காலி, பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு வீட்டில் பியானோ ஸ்டூல். ஏழு மணிக்கு விசில் ஊதினார்.

அப்படி ஒரு கூட்டத்தை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். நாற்பத்து மூன்று பேரும் சேற்றில் மாட்டியவர்கள்போல ஒரு காலைத் தூக்கி, அதை எங்கே வைப்பது என்று யோசித்து, மெல்ல வைத்தார்கள். தபால்காரர் மூன்றாவது நிமிடமே எல்லோரையும் தாண்டி முப்பது மீட்டர் போய்விட்டார்.

"எங்க போறீங்க? தந்தியா கொண்டுபோறீங்க?" என்று டீச்சர் கத்தினார்.

"கால் கேக்கமாட்டேங்குதும்மா! நான் நினைக்கிறதுக்குள்ள அது போயிடுது!" என்றார் தபால்காரர். அவர் வெகு சீக்கிரம் பேக்கரிப் படியில் போய் உட்கார்ந்து மற்றவர்களைக் கிண்டல் செய்யத் தொடங்கினார்.

கேட்டுக்குள் நின்ற டிரைவர் முதலில் சிரித்தார். பிறகு அவருக்குப் பொறுக்கவில்லை. "இது என்னய்யா நடை? டயர் பஞ்சரான வண்டிகூட இதைவிட வேகமாப் போகும்" என்றார். பேக்கரிக்காரர் இன்னும் டிரைவர் வீட்டு வாசலிலேயே அசைந்துகொண்டிருந்தார். "சொல்றது சுலபம். இவ்வளவு மெதுவா உங்களால வரமுடியுமா, பார்க்கலாம்" என்றார். இதைத் தம்பி சொல்லிக்கொடுக்கவில்லை, அந்த மனிதர் தானாகவே சொன்னார்.

கேட் திறந்தது. டிரைவர் வெளியே வந்தார். வாக்கரை ஓரடி முன்னால் வைத்தார், காலை வைத்தார், மறு காலை இழுத்துச் சேர்த்தார். தம்பி அவருக்கு அரை அடி பின்னால், பக்கவாட்டில் போனான். ஆஸ்பத்திரியில் அப்படித்தான் போவானாம். முன்னால் போனால் நோயாளி அவசரப்படுவார், ரொம்பப் பின்னால் போனால் பயப்படுவார். யாரும் டிரைவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவரவருக்கு அவரவர் கால்மேல்தான் கண்.

இதுவரை எல்லாம் அவன் நினைத்தபடி. முதல் நாற்காலி அருகே வந்தபோது சந்தோஷத்தில் வாயை விட்டுவிட்டான்.

"ஐயா, இப்படியே போனா நீங்கதான் கடைசி. கேக் உங்களுக்குத்தான்!"

டிரைவர் நின்றுவிட்டார். முகம் சிவந்தது.

"யாருடா கடைசி? முப்பத்திரண்டு வருஷத்துல ஒரு நாள் நான் லேட்டா வந்தேன்னு எவனாவது சொல்லட்டும். கடைசியா வர்றதுக்குக் கேக்கா? உன் கேக்கை நீயே தின்னு."

பதினாறு வருடம் நோயாளிகளோடு பழகியும், கடைசி என்ற சொல் அந்த மனிதருக்கு எப்படிச் சுடும் என்று என் தம்பிக்குத் தெரியாமல் போயிற்று. டிரைவர் வாக்கரைத் தூக்கி ஊன்றினார். டக், டக் என்று ஊன்றிக்கொண்டே போனார். பேக்கரிக்காரரைத் தாண்டினார். "வழி, வழி! இடப்பக்கம் ஒதுங்கு!" என்று குரல் கொடுத்தார். கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. மூன்றாவது நாற்காலி வந்தது, போனது. தம்பி கைகள் இரண்டையும் அகலமாக வைத்துக்கொண்டு, தொடாமல், கோழி பிடிக்கிறவன்போலக் கூடவே போனான்.

"ஐயா போதும், உக்காருங்க. கால் தாங்காது."

"ரூட்டை முடிக்காம நடுவுல வண்டியை நிறுத்துற வழக்கம் எனக்கில்ல."

பாதித் தூரத்தில் தம்பி கெஞ்சிய பிறகுதான் உட்கார்ந்தார். கடிகாரத்தைப் பார்த்து இரண்டு நிமிடம். பிறகு எழுந்தார். இருபத்திரண்டு நிமிடத்தில் பேக்கரிப் படியைத் தொட்டார். தபால்காரரைக் கணக்கில் சேர்க்காவிட்டால் அவர்தான் முதல், அதாவது பந்தயத்தில் படுதோல்வி. தெருவே கைதட்டியது. அதற்குள் அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "மத்தவங்க எங்க? காணோமே?" என்று தெருவைத் திரும்பிப் பார்த்தார்.

கேக் கிடைத்தது யாருக்குத் தெரியுமா? டிரைவர் வீட்டு அக்காவுக்கு. இரண்டு மாதமாக யார் வாசலிலும் உட்காராதவர், ஒவ்வொரு வாசலிலும் இரண்டு நிமிடம் உட்கார்ந்து பேசிக்கொண்டே வந்தார். ஒரு மணி நேரமும் பத்து நிமிடமும் எடுத்துக்கொண்டார். பந்தயத்தில் இருக்கிறோம் என்பதே அவருக்கு மறந்துவிட்டது. கேக்கைக் கையில் கொடுத்தபோது, "யாருக்குப் பிறந்தநாள்?" என்று கேட்டார்.

மறுநாள் டிரைவரின் கால் வீங்கிவிட்டது. எழுந்திருக்க முடியவில்லை.

தம்பி ஆஸ்பத்திரியில் காலுக்குப் பயிற்சி கொடுக்கும் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னான். "முதல் நாளே நூத்தித் தொண்ணூறு மீட்டரா? வெளியில யாரோ செஞ்சிருந்தா விட்டிருப்பேன். உனக்குத் தெரியாது?" என்று அவர் நோயாளிகள் முன்னாலேயே திட்டினாராம். ஐஸ் ஒத்தடம் கொடுத்து, இரண்டு நாள் காலை உயர்த்தி வைக்கச் சொல்லி அனுப்பினார். வேலைக்குப் போகுமுன் ஒருமுறை, வந்தபின் ஒருமுறை அவனே போய் ஒத்தடம் கொடுத்தான். வீட்டில் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தான், வாய்க்குப் போகவில்லை.

"நான் அவரை நடக்க வைக்கலக்கா. பதினொண்ணாவது மாடிக்கு அனுப்பி வச்சிட்டேன்."

செவ்வாய்க்கிழமை மகன் போன் செய்தான். அம்மா உண்மையைச் சொல்லிவிட்டார். வருகிற ஞாயிறுதான் மாதத்தின் கடைசி ஞாயிறு. வண்டி சொல்லியாயிற்று, பொருள்களைக் கட்டி வையுங்கள் என்றான்.

புதன்கிழமை வீக்கம் வடிந்தது. வியாழக்கிழமை தம்பி ஒத்தடம் கொடுக்கப் போனபோது நானும் கூடப் போனேன். டிரைவர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"மன்னிச்சிடுங்க ஐயா. என் தப்பு" என்றான் தம்பி.

"உன் தப்புதான். கடைசியா வர்றவனுக்குப் பரிசுன்னு ஒரு முட்டாள்தனம் பண்ணினியே, அது உன் தப்பு. வேகமாப் போனது என் தப்பு. ரோடு தெரியாத வண்டியை முதல் நாளே விரட்டக்கூடாது, எனக்குத் தெரியும்." தலையணைக்கடியிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "இந்தா, படி."

கால அட்டவணை. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தார். வியாழன், முதல் நாற்காலிவரை. வெள்ளி, இரண்டாவது. சனி, மூன்றாவது. ஞாயிறு, ஏழு மணி புறப்பாடு, மூன்றாவது நாற்காலிவரை போய்த் திரும்புதல். ஒவ்வொரு நாற்காலிக்கும் நேரம். ஸ்டாப்பில் இரண்டு நிமிடம்.

தம்பி அதை ஒருமுறைக்கு இருமுறை படித்தான். பிறகு, "ஸ்டாப்புல ரெண்டு நிமிஷம் போதாதுங்க. நாலா ஆக்குங்க. இதை ஆஸ்பத்திரி அம்மாகிட்ட காட்டி, அவங்க சரின்னாதான் வண்டி எடுக்கணும்" என்றான். டிரைவர் முறைத்தார். அவன் அசையவில்லை. கடைசியில் இரண்டை அடித்து நான்கு என்று எழுதினார். அந்த அம்மா போனிலேயே சரி சொன்னார். எனக்கு என் தம்பியிடம் மிகவும் பிடித்தது அந்த நிமிடம்தான். வாய் தவறியதற்காக வெட்கப்பட்டவன், அந்த வெட்கத்திலும் தன் வேலையில் விட்டுக்கொடுக்கவில்லை.

வாசலில் போட்ட நாற்காலிகளை யாரும் உள்ளே எடுத்துப் போயிருக்கவில்லை. வெள்ளிக்கிழமை டிரைவர் இரண்டாவது நாற்காலிக்கு வந்தபோது டீச்சர் அங்கே பையோடு நின்றிருந்தார். "வண்டி இந்த ஸ்டாப்புல நிக்குமா?" என்றார். "நிக்கும், நாலு நிமிஷம்" என்றார் டிரைவர், சிரிக்காமல். சனிக்கிழமை எல்லா ஸ்டாப்பிலும் ஆள் இருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை டிரைவர் ஏழு மணிக்குப் புறப்பட்டார். பின்னால் டிரைவர் வீட்டு அக்கா, நான், தம்பி. வீட்டைப் பூட்டிவிட்டோம். முதல் நாற்காலியில் ஆறு பேர் சேர்ந்தார்கள். இரண்டாவதில் டீச்சரும் இன்னும் பத்துப் பேரும். ஒருவர் பல் துலக்கிக்கொண்டே ஓடி வந்து, "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்றார். "நேரம் ஆச்சு, அடுத்த வண்டில வா" என்றார் டிரைவர். மூன்றாவது ஸ்டாப்பில் பேக்கரிக்காரரும் தபால்காரரும் இன்னும் ஐந்து பேரும். தபால்காரரை நடுவில் விட்டு இரண்டு பக்கமும் ஆள் பிடித்துக்கொண்டார்கள், ஓடிவிடாமல் இருக்க. இருபத்தெட்டுப் பேர். டிரைவர் நடுவில் ஒருமுறை தடுமாறினார். தம்பியின் முழங்கை அங்கே இருந்தது. அவர் அதைப் பிடித்தார், விட்டார், நடந்தார்.

நாங்கள் திரும்பி வந்தபோது வீட்டு வாசலில் ஒரு வேன். மகன் கேட்டுக்கு வெளியே இருந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் மடித்துக் கட்டிய அட்டைப் பெட்டிகள். எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கவும் மறந்துபோனான். இருபத்தெட்டுப் பேர் கொண்ட ஒரு கூட்டம் மிக மெதுவாக அவனை நோக்கி வருகிறது. அதற்கு முன்னால் அவன் அப்பா வருகிறார்.

டிரைவர் கடைசி ஐந்தாறு அடியை எடுத்து வைத்து அவன்முன் நின்றார். மூச்சு வாங்கியது. கடிகாரத்தைப் பார்த்தார்.

"எழுந்திருப்பா. இது கடைசி ஸ்டாப். இறங்குறவங்களுக்கு இடம் விடு."

அவன் எழுந்தான். அப்பா உட்கார்ந்தார். அவன் அப்பாவின் காலைத் தொட்டுப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், எங்கள் எல்லோரையும் பார்த்தான். கண் கலங்கிவிட்டது.

"கால் வீங்கிப் படுத்திருக்கார்னு நினைச்சுத்தான் வந்தேன். யாருப்பா இதெல்லாம் ஆரம்பிச்சது?"

"யாரு ஆரம்பிச்சா என்ன? டைம் டேபிள் என்னுது" என்றார் டிரைவர்.

நான் வாயைத் திறந்தேன். தம்பி என்னைப் பார்த்தான். நான் மூடிக்கொண்டேன்.

"இன்னும் ரெண்டு மாசம் பார்ப்போம்மா" என்று மகன் சொன்னான். "ரெண்டு மாசத்துல பேக்கரிவரைக்கும் ரூட் நீட்டிடுவேன். அப்போ வா, நேரத்துக்கு வந்தா ஏத்திக்கிறேன்" என்றார் அப்பா. டிரைவர் வீட்டு அக்கா சாவியை எடுத்தார். கதவைத் திறந்து உள்ளே போய், கட்டி வைத்திருந்த சமையல் பாத்திரங்களை ஒவ்வொன்றாக அவிழ்க்கத் தொடங்கினார். அந்தச் சத்தம் வாசல்வரை கேட்டது.

அட்டைப் பெட்டிகள் மிச்சமாகிவிட்டன. பன்னிரண்டு. பிரெட் அனுப்ப எனக்கு உதவும் என்றார் பேக்கரிக்காரர். தம்பிக்கு ஒன்பது மணிக்கு டியூட்டி. போகிற வழிதானே என்று பன்னிரண்டையும் தோளில் தூக்கிக்கொண்டான். தெருவில் அவனைத் தவிர எல்லோரும் இன்னும் மெதுவாகவே நடந்துகொண்டிருந்தார்கள். "கொஞ்சம் வழி விடுங்க" என்று சொல்லிக்கொண்டே, ஒருவரையும் இடிக்காமல் அவன் போனான்.